இரவில் எழும்பாத பிள்ளை

“நித்திரை இல்லாத தாய்க்கு இல்லாததெல்லாம் தோன்றும்.”

இதை என்னிடம் சொல்லாத ஆளில்லை. உம்மா சொன்னார். என் கணவர் முர்ஷித் சொன்னார். ஒரு டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், மருந்துத் துண்டை எழுதிக்கொண்டே சொன்னார். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஆகவே முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது நடந்த நாட்களில் எனக்கு நித்திரைக்குக் குறைவே இருக்கவில்லை. பிள்ளை பிறந்த பிறகு நான் விடியும்வரை நித்திரை கொண்டது அந்த நாட்களில் மட்டும்தான்.

பயங்கரமே அதுதான்.

நான் சிபானா. பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். பேய், ஜின் என்று பிள்ளைகள் வகுப்பில் கதைத்தால் சிரித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிற ஆள். இப்போது சிரிப்பதில்லை.

எங்கள் வீடு நற்பிட்டிமுனையில், ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. உம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீடு. வாப்பா மவுத்தான பிறகு உம்மாவும் எங்களோடுதான். முன்னறை அவருக்கு. பின்னறை எங்களுக்கு. பின்னறை யன்னலைத் திறந்தால் வேலிக்கு அப்பால் வயல்தான், கண்ணுக்கெட்டிய தூரம்.

என் மகள் அப்னா நவம்பரில் பிறந்தாள். பகலில் அவளைப்போல அருமையான பிள்ளை கிடையாது. இரவு வந்தால் வேறு பிள்ளை. பதினொரு மணிக்கு எழும்புவாள். பால் கொடுத்து, தோளில் போட்டு, முதுகைத் தட்டி, ஏணையில் கிடத்துவேன். உம்மாவின் பழைய சேலையைக் கூரை வளையிலிருந்து தொட்டிலாகக் கட்டிய ஏணை அது. நான் கட்டிலில் சரிந்து கண்ணை மூட, மறுபடியும் அழுகை. பிறகு ஒரு மணிக்கு. பிறகு இரண்டுக்கு. அதற்குப் பிறகு மணி பார்க்கிறதையே விட்டுவிடுவேன். ஒரு நாள், அழுவது அவளா நானா என்று தெரியாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

விடிந்தால் உம்மாவின் பாடம் தொடங்கும்.

“ஒனக்குப் பால் காணாதுகா. புள்ள பசியில கத்துது. வெளங்குதில்லையா?”

“காணும் எண்டு மருத்துவமாது மிஸ் சொன்னாவே உம்மா.”

“மிஸ்ஸா ராவைக்கு இஞ்ச வந்து கிடக்கிறா?”

பால் ஊறட்டும் என்று பால் சுறாவில் வறை. ரசத்தில் உள்ளி. முருங்கையிலைச் சுண்டல். மூன்று நேரமும் என் முன்னால் கோப்பை வரும். பார்க்க வந்த பெண்களெல்லாம் என் நெஞ்சைப் பார்த்துவிட்டு உம்மாவைப் பார்ப்பார்கள். எனக்கு அப்படியே எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்த வேண்டும்போல இருக்கும்.

முர்ஷித் நெல் வெட்டு மிசின் ஓட்டுகிறவர். அது பெரும்போக அறுவடைக் காலம். “விடியக்கொள்ள இறக்காமத்துக்குப் போகணும் சிபானா. யானை இறங்க முந்தி வெட்டி முடிக்கணும். கண் சொருகினா நான் மிசினுக்குள்ளதான் போவன்.” சொல்லிவிட்டுத் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்குப் போய்விட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

எனக்காகக் கதைத்த ஒரே ஆள் எங்கள் பகுதி மருத்துவமாது தங்கரத்தினம் மிஸ். வீட்டுக்கு வந்து பிள்ளையை நிறுத்துப் பார்த்தவர் சொன்னார்:

“சின்ன வயிறு டீச்சர். தாய்ப்பால் கெதியாச் செமிச்சிரும். ராவில எழும்பத்தான் செய்யும். ராவில குடிச்சாத்தான் உங்களுக்கும் ஊறும். இந்த வயசுப் பிள்ளை எழும்பாட்டித்தான் நான் பயப்படுவன். சூப்பிப் போத்தல்ல பால்மா மட்டும் குடுத்துராதீங்க.”

உம்மா பின்னேரமே கடைக்குப் போய் ஒரு பேணி பால்மா வாங்கிவந்து குசினித் தட்டில் வைத்தார். என் கண்ணுக்கு நேரே வைத்தார். அவ்வளவுதான்.

நான் அதைத் தொடவில்லை.

பெப்ரவரி நடுப்பகுதி. ஒரு வியாழக்கிழமை இரவு. பத்தே முக்காலுக்கு அப்னாவுக்குப் பால் கொடுத்துக் கிடத்திவிட்டு நானும் படுத்தேன்.

கண் விழித்தபோது சுபஹ் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு விநாடி எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு நெஞ்சில் வலி இடித்தது. இரண்டு பக்கமும் கருங்கல் கட்டினதுபோல. ஆறு மணி நேரம் கொடுக்காத பால். ஆறு மணி நேரம்… பிள்ளை எழும்பவில்லை!

ஏணைக்குப் பாய்ந்தேன். அவள் அசையாமல் கிடந்தாள். மூக்கடியில் விரலை வைத்தேன். மூச்சு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. குனிந்து கன்னத்தை வைத்தேன்.

மூச்சு வந்தது. மூச்சோடு பால் வாசமும் வந்தது.

வயிறு தம்பட்டம்போல நிறைந்திருந்தது. கடைவாயில் ஒரு துளி பால். விரலால் துடைத்தேன்.

சூடாக இருந்தது.

நேராகக் குசினிக்குப் போனேன். உம்மா தொழுகைக்கு உளூ செய்துவிட்டு வந்துகொண்டிருந்தார்.

“ஆரு உங்கள புள்ளைக்குப் பால்மா குடுக்கச் சொன்ன?”

“என்னகா உளர்ற?”

“பொய் சொல்லாதீங்க உம்மா! வாயில பால் கிடக்கு!”

“அல்லாஹ்மேல ஆணையா நான் அந்த அறப்பக்கமே வரல்ல!”

தட்டிலிருந்த பேணியை எடுத்து மூடியைக் கழற்றினேன். உள்ளே வெள்ளித்தாள் அப்படியே ஒட்டியிருந்தது. உம்மா என்னைப் பார்த்தார். தொழப் போகிற நேரத்தில் சத்தியம் செய்ய வைத்துவிட்டேனே என்ற கோபம் அவர் கண்ணில் இருந்தது. அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

முர்ஷித் சிரித்தார். “மூணு மாசமாப் புள்ள ஒறங்குதில்ல எண்டு அழுத. இண்டைக்கு ஒறங்கிட்டு எண்டு அழுற.”

அடுத்த இரவும் அப்படித்தான். அதற்கடுத்த இரவும். நான் படுப்பேன். எழும்பினால் பாங்கு. எனக்கு அவ்வளவு ஆழ்ந்த நித்திரை எப்படி வந்தது என்பதும் எனக்குத் தெரியாது. அப்னா வயிறு நிறைந்து, கன்னம் சிவந்து கிடப்பாள். வீடு முழுக்கச் சந்தோசம். உம்மா வருகிற போகிறவர்களிடமெல்லாம் சுறாவின் பெருமை சொன்னார்.

ஆனால் பிள்ளை என்னிடம் பால் குடிப்பதை நிறுத்திவிட்டாள்.

பகலில் எடுத்து அணைத்தால் வாயை வைப்பாள். ஒரு இழுவை. பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு தலையைத் திருப்பிவிடுவாள். ருசி பிடிக்காத பிள்ளைபோல. மாலையாகிவிட்டால் ஏணையைப் பார்த்துக் கையைக் காலை அடிப்பாள். நித்திரைக்காக இல்லை. எதற்கோ அவசரப்படுகிற மாதிரி.

வலது மார்பு சிவந்து காய்ச்சல் வந்தது. வைத்தியசாலைக்குப் போய் இரவில் நடப்பதையும் சொன்னேன். அப்போதுதான் அந்த டாக்டர் நித்திரையைப் பற்றிச் சொன்னார். பாலைக் கையால் பிழிந்து வெளியேற்றச் சொன்னார்கள். பிழிந்தேன். கோப்பை நிறையும். என் பிள்ளையின் பாலைக் கொண்டுபோய் கிணற்றடி வாழைக்கு ஊற்றிவிட்டு, அங்கேயே நின்று அழுவேன். பால் காணாது என்று சொன்ன யாரும் அதை வந்து பார்க்கவில்லை.

தங்கரத்தினம் மிஸ் வந்து தராசில் போட்டார். முகம் மலர்ந்தது.

“நல்லா நிறை ஏறியிருக்கு. நல்லாக் குடுக்கிறீங்க டீச்சர்.”

“நான் குடுக்கல்ல மிஸ்.”

“பின்ன ஆரு?”

நான் ஏணையைப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அரை நித்திரையில நீங்களே எழும்பிக் குடுத்திட்டு மறந்து போறீங்களாக்கும். சில தாய்மாருக்கு அப்பிடி நடக்கும். யோசிக்காதீங்க.”

அன்று பின்னேரம் வரை அதை நம்ப முயன்றேன். முடியவில்லை. பிள்ளை குடித்த மார்பு கல்லாக இருக்காது. அதற்கு டாக்டர் தேவையில்லை. எந்தத் தாய்க்கும் தெரியும்.

பிறகு சின்னச் சின்ன விடயங்கள் கண்ணில் படத் தொடங்கின.

விடியற்காலையில் அப்னாவின் தலைமயிரில் விறகுப் புகை மணத்தது. எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு.

ஒரு நாள் அவளுடைய கழுத்து மடிப்பில் ஒரு நெற்பதர் ஒட்டியிருந்தது. உம்மாவிடம் காட்டினேன். “வெட்டுக் காலம். காத்துக்கு வந்திரிக்கும்” என்றார். யன்னல் பூட்டித்தான் இருந்தது.

இன்னொரு நாள் அவளுடைய உள்ளங்கால்கள் இரண்டும் ஐஸ் போலக் குளிர்ந்திருந்தன. தலை ஈரமாக இருந்தது. வியர்வை இல்லை. வியர்வை என்றால் சூடாக இருக்கும். அது பனி.

அறைக் கதவை உள்ளே பூட்டித் திறப்பைக் கழற்றி என் தலையணைக்குள் வைத்தேன். விடிந்தபோது திறப்பு தலையணைக்குள் இருந்தது. பால் அவள் உதட்டில் இருந்தது.

உம்மாவிடம் சொன்னேன். ஆயத்துல் குர்ஸி ஓதி என் தலையில் ஊதினார்.

பிள்ளையின் தலையில் இல்லை. என் தலையில்.

மார்ச் முதல் கிழமை. முர்ஷித் மிசினோடு இறக்காமத்தில் தங்கிவிட்டார். அன்றிரவு முடிவெடுத்தேன். படுப்பதில்லை.

இஷா தொழுதேன். சீனி போடாமல் இரண்டு கோப்பை பிளேன்டீ குடித்தேன். கதவையும் யன்னலையும் பூட்டினேன். கதிரையை ஏணைக்கு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன். சத்தம் கேட்க வேண்டும் என்று மின்விசிறியை நிறுத்தினேன். நுளம்பு பிடுங்கியது. இடது கையை ஏணைக்குள் விட்டு அப்னாவின் வயிற்றில் வைத்துக்கொண்டேன். வயிறு ஏறி இறங்கியது.

பன்னிரண்டு பத்து. ஒன்றுமில்லை.

ஒரு மணி. தூரத்தில் நாய் ஒன்று குரைத்து ஓய்ந்தது. அப்னா ஒரு பெருமூச்சு விட்டாள். என் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மரத்துப்போயிருந்தது. கையை மாற்றுவதற்காக ஒரு விநாடி எடுத்தேன்.

ஒரே ஒரு விநாடி.

அப்போது கேட்டது.

க்ளக்… க்ளக்… க்ளக்…

பிள்ளை பால் விழுங்குகிற சத்தம். மூன்று விழுங்கு. ஒரு மூச்சு. மறுபடி மூன்று விழுங்கு. மூன்று மாதம் இரவு பகலாகக் கேட்ட சத்தம். எனக்குத் தெரியாதா?

சத்தம் ஏணைக்குள்ளிருந்துதான் வந்தது. ஆனால் பக்கத்திலிருந்து வருவதுபோல இல்லை. போனில் அடுத்த பக்கம் கேட்பதுபோல… தூரத்தில்.

போனைத் தட்டினேன். 1.47.

ஏணையைப் பார்த்தேன். பாரத்தில் தொங்கியது. பிள்ளையின் பாரம். அடியில் கையை வைத்துத் தாங்கிப் பார்த்தேன். சேலைக்கூடாக முதுகின் வளைவு என் உள்ளங்கையில் பட்டது.

மெல்ல விரித்தேன்.

போன் வெளிச்சத்தை உள்ளே பிடித்தேன்.

பிள்ளை இல்லை.

சேலை மட்டும்.

கீழே என் இடது கையில் பாரம் இருந்தது. மேலே என் கண்ணுக்கு முன்னால் வெறுஞ்சேலை இருந்தது. அதற்குள்ளிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது.

க்ளக்… க்ளக்…

குனிந்தேன். முகத்தில் காற்று அடித்தது. பூட்டிய அறைக்குள், சேலைக்குள்ளிருந்து, குளிர்காற்று. விறகுப் புகை மணம். வெட்டிய வைக்கோல் மணம். யாரோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அழுதுவிட்டு ஓய்ந்த பெண்.

“அப்னா…”

சத்தம் நின்றது.

“அப்னா! என்ட புள்ள! வாங்க உம்மாட்ட!”

அமைதி.

பிறகு, அந்தத் துணிக்குள்ளிருந்து, மிக மிக மெல்லிய குரல். கோபமில்லை. கெஞ்சல்.

“இன்னுங் கொஞ்சம்… குடிச்சு முடிக்கட்டும்…”

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. பயம் இல்லை அது. மூன்று மாத ஆத்திரம். உம்மா மேல், முர்ஷித் மேல், டாக்டர் மேல், அந்தப் பால்மாப் பேணி மேல் இருந்த ஆத்திரம் எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்தது.

“தா! என்ட புள்ளயத் தா!”

இரண்டு கையையும் உள்ளே விட்டேன்.

கையில் ஈரம் பட்டது.

மயிர்.

தலை.

பிடித்து இழுத்தேன்.

அப்னா வீரிட்டாள். என் கையில் இருந்தாள். தலை பனியில் நனைந்திருந்தது. வாயிலிருந்து பால் வழிந்து கழுத்தில் ஓடியது. குடித்துக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் பிள்ளைக்கு வருகிற அழுகை அது. நான் என் நெஞ்சில் வைத்தேன். இரண்டு கையாலும் என்னைத் தள்ளினாள்.

கதவு தட்டப்பட்டது. திறந்தேன். உம்மா.

“நல்லா ஒறங்கின புள்ளய என்னத்துக்குகா எழுப்பின?”

நான் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று விடிந்ததும் ஏணையை அவிழ்த்தேன். உம்மா தடுத்தார். கேட்கவில்லை. ஒரு பெரிய துண்டை எடுத்து அப்னாவை என் உடம்போடு சேர்த்துக் கட்டினேன். குளிக்க, தொழ மட்டும் அவிழ்ப்பேன். அப்போதும் உம்மா அவளைக் கையில் வைத்திருக்க வேண்டும், கீழே விடக்கூடாது என்று சொன்னேன். இரவில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, அவளை நெஞ்சில் போட்டுக்கொண்டு முழித்திருந்தேன்.

அவள் அழுதாள். பசியில் அழுதாள். என் பால் வேண்டாம் என்று அழுதாள். பகலில் கரண்டியால் பிழிந்த பாலை ஊற்றினேன். பாதி துப்பினாள். இரவு ஒன்றே முக்கால் அளவில் அழுகை மாறும். உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு யன்னல் பக்கம் கை நீட்டுவாள். நான் விடவில்லை. வயல் பக்கமிருந்து சில வேளை ஏதோ கேட்டது. காற்றாக இருக்கலாம். யாரோ அழுததாகவும் இருக்கலாம். நான் யன்னலைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்கிற அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை.

முர்ஷித் வெட்டு முடிந்து வந்தார். வீட்டின் கோலத்தைப் பார்த்தார்.

“ஒனக்குப் புள்ள ஒறங்கினாலும் பிரச்சின. எழும்பினாலும் பிரச்சின. என்ன செய்யச் சொல்ற?”

நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் சொன்னேன். ஏணை அவிழ்த்த வெறும் வளையை அண்ணாந்து பார்த்தார்.

“நாளைக்கு நல்ல டாக்டர் ஒராளிட்டக் காட்டுவம்.”

“புள்ளையவா?”

“ஒன்ன.”

அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பிள்ளையைத் தட்டினேன். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஹோலுக்குப் போனார்.

ஐந்தாம் நாள் விடியற்காலை. அழுது அழுது குரல் கம்மியிருந்தாள். என் நெஞ்சில் முகத்தைத் தேய்த்தாள். வாயைத் திறந்தாள். பிடித்தாள்.

ஒரு இழுவை. நான் மூச்சுவிடவில்லை.

இன்னொரு இழுவை. பிறகு விடவே இல்லை. எனக்கு உயிர் போகிற வலி. “அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லிக்கொண்டே அழுதேன்.

அன்றிரவு அவள் பதினொன்றுக்கு எழும்பினாள். ஒரு மணிக்கு எழும்பினாள். இரண்டுக்கு எழும்பினாள். உம்மா முன்னறையிலிருந்து, “மறுகா தொடங்கிட்டு” என்று முணுமுணுத்தார். முர்ஷித் தலையணையால் காதை மூடிக்கொண்டார். யாருக்கும் என்னைப் பிடிக்கவில்லை. எனக்குக் கவலையும் இல்லை. எழும்புகிற பிள்ளை என்னிடம் எழும்புகிறாள்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மார்ச் கடைசியில் நாலாம் மாத ஊசிக்காக கிளினிக்குக் கொண்டுபோனேன். நல்ல கூட்டம். தங்கரத்தினம் மிஸ் களைத்துப்போயிருந்தார். வீரமுனைப் பக்கத்து மிஸ் பிரசவ லீவில் இருந்ததால் அந்தப் பகுதியையும் தானே பார்ப்பதாகச் சொன்னார். அப்னாவுக்கு ஊசி போட்டாயிற்று. அவள் அழுது ஓய்ந்து என் தோளில் கிடந்தாள்.

“நெஞ்சு வலி இப்ப எப்பிடி டீச்சர்?”

“சுகம் மிஸ்.”

“உங்களுக்குப் பிள்ளை குடிக்காமப் பால் கட்டிச்சு. வீரமுனையில ஒரு பொம்பிளைக்கு அதுக்கு நேர்மாறு. இப்பிடி ஒரு கேஸ நான் கண்டதில்ல.” குரலைத் தாழ்த்தினார். “தலைப்பிள்ளை. பெப்ரவரியில செத்துத்தான் பிறந்திச்சு. மூணாம் நாள் பால் வந்திட்டு. இறுக்கிக் கட்டச் சொன்னன், தானா வத்திரும் எண்டு. ரெண்டு கிழமையால போய்ப் பாக்கிறன்… முலைக்காம்பு வெடிச்சுக் கிடக்கு.”

எனக்குப் புரியவில்லை. “எப்பிடி மிஸ்?”

“அதுதானே. பால் குடுக்கிற தாய்மாருக்கு வாற வெடிப்பு. முப்பது வருசமா இந்த வேலைதான் பாக்கிறன். பிள்ளை வாய் வைக்காம அது வராது. ‘ஆருக்கும்மா குடுக்கிறாய்’ எண்டு கேட்டன். ‘ராவில பிள்ளை வருகுது மிஸ்’ எண்டா. வீட்டாக்கள் புத்தி பேதலிச்சிட்டு எண்டு விட்டுட்டாங்க.”

மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

“பால் எந்த நாள் வந்த?”

“ஒரு வியாழக்கிழமை. ஏன் டீச்சர்?”

“இப்பவும்… இப்பவும் வருகுதாமா?”

“இல்ல. இந்த மாசத் தொடக்கத்தில, ஒரு நாள் சாமத்தில எழும்பிக் கத்தினாவாம். ஆரோ மடியில கிடந்த பிள்ளையப் பறிச்சிட்டாங்க எண்டு. அதோட வெடிப்பும் ஆறிட்டு. பாலும் வத்திட்டு. நேத்தும் பாத்தன், ஒரு சொட்டும் இல்ல. பாவம், சாப்பாடும் இல்லாமக் கிடக்கிறா. இண்டைக்கு வரச் சொன்னன். அந்தா, சுவரோரம் வாங்கில குந்தியிருக்கிறா. சுலக்சனா.”

திரும்பினேன்.

இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். மெலிந்த பெண். நீலச் சட்டை. பேய்போல ஒன்றுமில்லை. எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை இல்லை.

அவள் உதடு அசைந்தது.

“மிதுனா.”

அப்னா தன் சொந்தப் பெயருக்கே இன்னும் திரும்பாத பிள்ளை. தோளிலிருந்து தலையைத் தூக்கினாள். திரும்பினாள். அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

சிரித்தாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

சுலக்சனா எழும்பி வந்தாள். தொடவில்லை. இரண்டடி தள்ளி நின்றாள். அடுத்த வீட்டுப் பெண்ணிடம் கேட்பதுபோல, பணிவாகக் கேட்டாள்.

“ஏனக்கா… இப்ப பிள்ளைய விடுறதில்ல?”

அந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன்.

பால் கொடுத்தவளும் தாய்தான் என்று எங்கள் மார்க்கம் சொல்கிறது. சொந்தத் தாய்போலவே உறவு. சின்ன வயதிலிருந்து ஓதிப் படித்தது. அந்த இடத்தில், அந்தப் பெண்ணுக்கு முன்னால், எனக்கு அது மட்டும்தான் நினைவுக்கு வந்தது. நற்பிட்டிமுனை எங்கே, வீரமுனை எங்கே. நடுவில் எத்தனை வயல். இரவில் அந்தப் பனிக்குள்ளால் என் பிள்ளை எப்படிப் போனாள்? யார் தூக்கிப் போனது? அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன்.

அப்னா கத்தினாள். ஊசிக்கு அழுத அழுகை இல்லை. பசிக்கு அழுகிற அழுகை. பின்னால் பார்த்துக் கையை நீட்டி நீட்டி அழுதாள்.

பால் கொடுக்கிற தாய்மாருக்குத் தெரியும். தன் பிள்ளை அழுதால் பால் தானாகச் சுரந்துவிடும். நிறுத்த முடியாது. அபாயாவுக்குள் என் சட்டை நனைவதை உணர்ந்தேன்.

வாசலில் ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தேன்.

சுலக்சனா நின்ற இடத்திலேயே நின்றாள். கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

அவளுடைய நீலச் சட்டையின் முன்பக்கத்தில்… இரண்டு பக்கமும்… ஈரம் படர்ந்துகொண்டிருந்தது.